ஒரு சாண் மேற்கே

மக்கா, செல்விக்கும் பிரபுவுக்கும் அப்பா எழுதுவது.

உங்கள் இரண்டு பேருக்கும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். நானும் முனிசிபல் பள்ளியில் பத்தாவது வரை படித்தவன்தான். பெரிய வாக்கியம் எனக்கும் வராது. மெதுவாகப் படியுங்கள். புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். அவளுக்கும் இதில் பங்கு உண்டு.

நாளைக் காலையில் பழைய இரும்பு எடுப்பவர் வருகிறார். நம் பில்டிங் மொட்டை மாடியில் நிற்கிறதே பெரிய டிவி குடை, இந்திக்காரர்கள் சத்ரி என்கிறார்களே, அதை அறுத்து எடுத்துப் போகப் போகிறார். மழைக்கு முன்னால் மாடிக்குத் தகர ஷெட் போடச் சொசைட்டி முடிவு செய்துவிட்டது. சம்மதம் கேட்டு வீடு வீடாகக் காகிதம் வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். போட்டுவிட்டு அன்று முழுக்க என் ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை.

அந்தக் குடைக்குச் சொந்தக்காரரை உங்களுக்குத் தெரியும். கேபிள் பாய் என்று கூப்பிடுவீர்கள். அவருக்குப் பெயர் உண்டு. இங்கே எழுதவில்லை. தன் பெயர் ஒரு காகிதத்தில் ஏறுவது அந்த மனிதருக்கு எப்போதுமே பிடிக்காது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கூரியர்காரன் வந்தால், “அங்கனயே வச்சுட்டுப் போ” என்பார். கையெழுத்து வேண்டும் என்று அவன் நின்றால், “அப்பம் திருப்பிக் கொண்டு போ” என்பார். கரண்ட் ஆபீஸ், கேஸ் புத்தகம், மகளின் பள்ளி ரிப்போர்ட் எல்லாவற்றிலும் மைனிதான் போடுவாள். மைனி என்றால் அவர் மனைவி. நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். கேபிள் லைசென்ஸ் எடுத்தபோது மட்டும், மைனி அவர் கையைப் பிடித்து அழுத்திப் போட வைத்தாள் என்று சந்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர் மகள் நிக்காஹ்வுக்கு நான் போயிருந்தேன். எல்லாம் ஓதி முடித்துப் பதிவுப் புத்தகத்தை நீட்டினார்கள். பெண்ணின் தகப்பன் போட வேண்டிய இடம். பேனாவைக் கையில் வாங்கினவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “ஜெராக்ஸு, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசி” என்றார். வாசித்தேன். “இன்னொரு தரம்.” வாசித்தேன். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் இருந்த இடத்திலிருந்து மைனியின் சத்தம் கேட்டது.

“ஏங்க, பிரியாணி ஆறுது! மாப்பிள்ளைக்கு நரை விழுந்துரும்!”

சபை முழுக்கச் சிரித்தது. அவர் மைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, இடது கைப் பெருவிரலை அமுக்கி வைத்தார். தினமும் பேப்பர் வாசிக்கிற மனிதர் கைநாட்டு வைத்தார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன பாய் இது?” என்று கேட்டேன்.

“கைநாட்டுன்னா, நாளைக்கு ஒண்ணுன்னா, எனக்குப் படிக்கத் தெரியாது, ஏமாத்திப்புட்டான்னு சொல்லலாம்லா வே” என்றார். எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

உங்களுக்கு அவர் வேலை சரியாகத் தெரியாது. வானத்தில் சாட்டிலைட் நிற்கிறது. டிவி சேனல்களை அது கீழே அனுப்புகிறது. குடை அதைப் பிடிக்கிறது. அங்கிருந்து வயர் போட்டு வீடுகளுக்கு அவர் கொடுத்தார். பெரிய கம்பெனிகள் வந்தபோது மற்றக் கேபிள்காரர்கள் எல்லாம் தங்கள் லைனை அவர்களிடம் கொடுத்துவிட்டுக் கமிஷனுக்கு உட்கார்ந்தார்கள். இவர் மட்டும் சொந்தக் குடையை விடவில்லை. மாடியில் தகர அறை ஒன்று போட்டிருந்தார். அதுதான் கண்ட்ரோல் ரூம். நம் சந்திலும் சுற்றியிருந்த நாலைந்து சந்திலும் அவர் லைன்தான். ஒருவரிடமும் அவர் எழுதி வாங்கியதில்லை. எல்லாம் வாய்ச்சொல்தான்.

காற்றடித்துக் குடை அசைந்துவிட்டால் கூத்துதான். அவர் மாடியில் நின்று தள்ளுவார். படிக்கட்டில் ஒருவர், சந்தில் ஒருவர், வீட்டு வாசலில் ஒருவர் என்று சத்தம் கைமாறிப் போகும்.

“வந்துட்டா?”

“வரலை!”

“இப்பம்?”

“புள்ளி புள்ளியா இருக்கு!”

“இப்பம்?”

“பாய், அந்தப் பொம்பளைக்கு ரெண்டு மூஞ்சி தெரியுது!”

“ஒரு மூஞ்சிக்கே அவ சீரியல்ல மூணு குடும்பத்தைக் கெடுக்கா. இரி, ஒண்ணை அழிச்சிருதேன்!”

படம் வந்ததும் இறங்கி வருவார். யார் வீட்டு வாசலிலாவது நிற்பார். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். பார்க்கிறவர்கள் முகத்தை மட்டும் பார்ப்பார். “எனக்கு இது போதும்” என்பார். மறுபடி மாடிக்குப் போய், குடை நின்ற இடத்தில் அதன் தண்டில் மகளுடைய சிவப்பு நகப்பாலிஷால் முதலில் போட்ட கோட்டையே திரும்பத் தீட்டிவிட்டு வருவார். அந்த ஒரு கோடுதான் அத்தனை வருஷமும் இருந்தது.

கையெழுத்து ஏன் ஆகாது என்பதை ஒரே ஒரு தரம்தான் சொன்னார். மைனி மவுத்தான சமயம். இறப்புச் சான்று ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தார். மெஷின் சூடாக நேரம் ஆகும் அல்லவா, அந்த நேரத்தில் சொன்னார்.

அவருக்கு இருபத்திரண்டு வயது. மெயின் ரோட்டை ஒட்டி அவர் வாப்பாவுக்கு ஒரு தோல் பட்டறை இருந்தது. வாப்பா போனபிறகு உம்மாவும் இவரும்தான். ஒரு ஆள் வந்து, தண்ணிக் குழாய்க்கு மனு, வரிசையில் எல்லோரும் போட்டிருக்கிறார்கள் பார் என்று காகிதத்தை நீட்டினான். உம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இவரைப் போடச் சொன்னாள். போட்டார். ஆறு மாதம் கழித்து, பட்டறையைக் காலி செய்யச் சம்மதம் என்று அதே காகிதத்தைக் காட்டி ஆட்கள் வந்து தகரத்தைப் பிரித்தார்கள். கடைசிவரை போடாமல் நின்ற இரண்டு பேருக்கு மட்டும் ரோட்டைப் பார்த்த கடை கிடைத்தது. இவரும் உம்மாவும் செம்பூரைத் தாண்டி, வேறு இடம் தரும்வரை தங்க வைக்கிற ஒரு டிரான்சிட் அறைக்குப் போனார்கள். உம்மா அங்கிருந்து திரும்பி வரவில்லை.

“அவ என்னைத் திட்டவே இல்ல வே. திட்டியிருந்தா எனக்குப் போயிருக்கும். படிச்ச பிள்ளைன்னுதானே உன்னைப் போடச் சொன்னேன்னு ஒரே ஒரு மட்டம் சொன்னா. அம்புட்டுதான்.”

மெஷினில் பச்சை விளக்கு வந்தது. “ரெண்டு காப்பி எடு” என்றார்.

இது எனக்குத் தெரியும், மக்கா. தெரிந்திருந்தும்தான் நான் அதைச் சொன்னேன். அதற்கு வருகிறேன்.

ராக்கெட் விட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? தாதரில் கேபிள் சாமான் விற்கிற கடையில் அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், உங்கள் சேனல் எல்லாம் புது சாட்டிலைட்டுக்குப் போகப் போகிறது, இன்றைக்கு ஏவுகிறார்கள் என்று. எந்தச் சேனலிலும் அதைக் காட்டவில்லை. செல்வி, உன் போனில்தான் பார்த்தோம். கண்ட்ரோல் ரூமில் பத்துப் பேர் குனிந்துகொண்டு நின்றோம். பிரபு, நீ ஸ்டூலில் ஏறி நின்றாய். நெருப்புக் கக்கிக்கொண்டு அது எழும்பியதும் நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன்.

அவர் தட்டவில்லை. “பழசு கெட்டுப் போச்சா வே?” என்று என்னைக் கேட்டார்.

நான் போனில் அரைகுறையாகப் படித்திருந்தேன். பத்துப் பேர் முன்னால் கேட்டதும் எனக்கும் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது.

“கெடலை பாய். நம்ம சேனல் வாற அலையில ஒரு பாதியைப் போன் கம்பெனிக்காரன் கேட்டிருக்கான். ஃபைவ் ஜிக்கு அது வேணுமாம். அதைக் காலி பண்ணிக் குடுக்கணும். அங்க இருக்க சேனலுக்கு வேற இடம் வேணும்லா? அதுக்குத்தான் இது. நம்ம ஏரியாவுல பில்டர் மொதல்ல டிரான்சிட் பில்டிங் கட்டி எல்லாரையும் அதுல தள்ளிட்டு, பழைய இடத்துல டவர் எழுப்புதாம்லா, அதே மாதிரிதான்.”

பத்துப் பேருக்கும் உடனே புரிந்துவிட்டது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நம் சந்தில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் மட்டும் போன் திரையில் சின்னப் புள்ளியாகிப் போன நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பம் ஆகாசத்துலயும் வந்துட்டான்” என்றார்.

சில மாதம் கழித்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. சேனல்களை அனுப்புகிற கம்பெனியின் கடிதம். வழக்கம்போல் என் கடைக்குக் கொண்டு வந்தார். நான் ஒவ்வொரு வார்த்தையாகப் போனில் பார்த்து வாசித்தேன். ஆறு வாரத்துக்குப் பழைய சாட்டிலைட்டிலும் புதியதிலும் சேனல்கள் வரும். அதற்குள் குடையைப் புதியதன் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். சேனலின் பூட்டைத் திறக்கிற பழைய ரிசீவர் பெட்டியில் புதியது திறக்காது. கூட வைத்திருக்கிற படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், புதுப் பெட்டியும், போன் அலை குறுக்கே வராமல் தடுக்கிற ஃபில்டரும் இலவசமாக வரும். ஆறு வாரம் முடிந்ததும் பழையது நிறுத்தப்படும்.

“கையெழுத்தா?” என்றார்.

“ஆமா பாய். இங்க, கீழ.”

“மேல என்ன போட்டிருக்கு, வாசி.”

வாசித்தேன். ‘மாற்றத்துக்குச் சம்மதிக்கிறேன்’ என்று இருந்தது. சம்மதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் எப்படி ஆனது என்று பார்த்தேன். கடையில் இன்னும் நாலு பேர் ஆதார் காப்பி எடுக்க நின்றார்கள். எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன்.

“என்ன அவசரம் பாய்? நம்ம சந்துல பாக்கலையா? கடைசிவரைக்கும் போடாதவன் வீட்டுக்குத்தான் பில்டர் ஸ்வீட் பாக்ஸோட வந்து உக்காந்து பேசுதான்.”

நாலு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “அது வாஸ்தவந்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நடந்ததை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கண்ட்ரோல் ரூமைக் கழுவிவிட்டார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார். லைசென்ஸை என்னிடம் லேமினேஷன் செய்து சுவரில் மாட்டினார். ஆள் வருவான் என்றார். சர்வே எடுக்காமல் ஒருத்தனைக் காலி பண்ண முடியுமா, வருவான், வந்தால் வீடு வீடாகக் கூட்டிப் போய்க் காட்டுவேன் என்றார். சந்தில் எல்லோரிடமும் போய், “ஆபீஸர் வந்து கேட்டா, பாய் லைன்தான் வேணும்னு சொல்லுவியளா?” என்று கேட்டார். எல்லோரும் சொல்லுவோம் என்றார்கள். அது போதும் என்று வந்துவிட்டார்.

வேலை தெரியாமல் இருந்தார் என்று நினைக்காதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, என்னையும் மாடிக்குக் கூப்பிட்டார். நட்டைத் தளர்த்தி, குடையின் விளிம்பைத் தோளால் மெல்லத் தள்ளினார். மீட்டரில் முள் எழும்பியது. புது சாட்டிலைட்.

“எவ்வளவு தூரம்னு பாரு” என்று விளிம்பில் கையை விரித்து வைத்தார். சரியாக ஒரு சாண். மேற்குப் பக்கமாக ஒரு சாண், அவ்வளவுதான். தண்டில் நகப்பாலிஷால் இரண்டாவது கோடு போட்டார். “தெனம் அஞ்சு வேளை மேற்க திரும்புத மனுசன் நான். இதைத் திருப்ப எனக்கு ஒரு நிமிஷம் ஆவாது.” பிறகு குடையைப் பழைய கோட்டுக்கே கொண்டு வந்து நட்டை முறுக்கினார்.

“அப்பம் படிவத்தையும் அனுப்பிருங்க பாய். பெட்டி வராம படம் திறக்காதுல்லா” என்றேன்.

“ஆள் வரட்டும்.”

நாலாவது வாரம் எனக்குப் பயம் வந்துவிட்டது. நானே மேலே போனேன். இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டுக் காதில் வைத்திருந்தார். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் குரல் இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் எதையும் அழுத்தாமல், “ஹலோ, மேடம், சுனியே” என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“பாய், இது நெலம் இல்ல. ஆகாசம். யாரும் வந்து பாக்க மாட்டான். போட்டுருங்க. கைநாட்டாவது வைங்க.”

“கைநாட்டு மகளைக் குடுக்கறதுக்கு வச்சேன். இது பொழப்பு வே.” போனைக் கீழே வைத்தார். “நீதான சொன்ன, கடைசிவரை போடாதவன் வீட்டுக்குத்தான் வருவான்னு?”

“அது சும்மா சிரிப்புக்குச் சொன்னேன் பாய்.”

“சிரிப்புக்கா?” என்றார். கோபமாக இல்லை. “நீ படிச்சவன்லா” என்றார்.

நான் இறங்கி வந்துவிட்டேன். அன்றைக்கே அவர் காலில் விழுந்தாவது போட வைத்திருக்கலாம். கடையில் கூட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழையது நிறுத்தப்பட்ட காலையை நீங்கள் மறந்திருப்பீர்கள். பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். நம் சந்தில் காலையில் ஒரு வீட்டில் பக்திப் பாட்டு, ஒரு வீட்டில் செய்தி, ஒரு வீட்டில் ராசிபலன் என்று எல்லாம் சேர்ந்து இரைச்சலாக இருக்குமே, அன்றைக்கு அது ஒரே நொடியில் நின்றது. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கதவுகள் திறந்தன. “பாய்! பாய்!” என்று மாடியைப் பார்த்துக் கத்தினார்கள்.

அவர் மேலேதான் இருந்தார். குடையை இரண்டாவது கோட்டுக்குத் தள்ளிவிட்டார். முள் எழும்பியது. கீழே திரையில் படம் வரவில்லை. பூட்டுப் படமும் ஒரு நம்பரும்தான் வந்தன.

“வந்துட்டா?” என்று மேலே இருந்து கேட்டார்.

“பூட்டிருக்கு பாய்!”

“இப்பம்?”

“பூட்டுதான் பாய்!”

அவர் இன்னும் கொஞ்சம் தள்ளினார், இழுத்தார். முள் சரியாக இருக்கும்போது தள்ளி என்ன ஆகப் போகிறது? அவருக்குத் தெரியாதா? ஆனாலும் பதினொரு மணி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். கீழே பதில் சொல்கிறவர்கள் ஒவ்வொருவராக வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் நான் ஒருவன்தான் சந்தில் நின்று, “பூட்டுதான் பாய், பூட்டுதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இறங்கி நேரே என் கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். ஆறு வாரமும் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். வேர்வையில் மடிப்புகள் கிழிந்திருந்தன. கவுண்டரில் விரித்து, கையால் நீவிவிட்டு, “எங்க போடணும்?” என்றார்.

காட்டினேன்.

தமிழில் போட்டார். நாலாம் வகுப்புப் பிள்ளை எழுதுவது போல் ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி. கடைசி எழுத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. முடித்ததும் பேனாவை அவரே மூடி, என் டப்பாவில் வைத்தார்.

ஸ்கேன் எடுத்து அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது. காலக்கெடு முடிந்துவிட்டது, பெட்டிகள் பதிவு செய்தவர்களுக்கு மட்டும், புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்கவும். எத்தனை நாள் என்று எழுதவில்லை. நான் அதை மூன்று தரம் வாசித்தேன், நிக்காஹ்வில் திரும்ப வாசித்ததுபோல. மூன்றாம் தரம் வாசிக்கும்போது அவர் வெளியே போய்விட்டிருந்தார்.

அடுத்த பத்து நாள் அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். “ஒரு வாரம் பொறுங்க. வந்துரும். எனக்காவ ஒரு வாரம்.” சொல்லுவோம் என்று சொன்ன அதே வீடுகள்தான். யாரும் அவரை விரட்டவில்லை. “சரி பாய்” என்றார்கள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனதும், தோளில் பையோடு சந்து முனையில் நின்ற வேறு கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டு வயர் இழுத்துக்கொண்டார்கள். பலர் அதுவும் இல்லை. போன் போதும் என்று இருந்துவிட்டார்கள். ஃபைவ் ஜி அப்போதுதான் வந்திருந்தது. படம் நிற்காமல் ஓடியது. எதைக் காலி செய்து அது வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே நானும் ரீசார்ஜ் செய்தேன்.

நம் வீட்டுக்கும் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். நான் எழுந்து உள்ளே போய் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன். “நான் இல்லைன்னு சொல்லு” என்று உங்கள் அம்மாவிடம் கையால் காட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். ஆனால் சொல்லிவிட்டாள்.

“அவர் இல்லையே பாய்.”

“பரவால்லம்மா. சும்மாதான் வந்தேன்.”

அவர் உடனே போகவில்லை. திரைத்துணியின் இடுக்கில் எனக்கு அவர் தெரிந்தார். வாசலில் நின்று உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் கட்டிலில் சாய்ந்து ஆளுக்கொரு போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். தலையைத் தூக்கவில்லை. அதற்காகத் திட்டவில்லை, மக்கா. படம் நன்றாக இருந்தால் யாரும் தூக்க மாட்டார்கள். அவர் உங்கள் முகத்தை, முன்பெல்லாம் பார்ப்பாரே, அதேபோல் பார்த்தார்.

“படம் நல்லாத் தெளிவா வருது போல” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போய்விட்டார்.

அதன் பிறகு அவரை நம் சந்தில் பார்த்ததில்லை. மகள் வந்து கூட்டிப் போனாள் என்றார்கள்.

போன மழைக்காலத்தில் மெஷினுக்கு ஒரு பார்ட் வாங்க வாஷிக்குப் போனேன். கண்ணாடி வைத்த ஒரு ஆபீஸ் பில்டிங். கேட்டில் நீலச் சட்டை போட்ட வாட்ச்மேன் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தான். மெலிந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை.

“என்ன வே ஜெராக்ஸு! இவ்வளவு தூரம்?” என்றார். பழைய குரல்தான்.

“நல்லா இருக்கியளா பாய்?” என்றேன்.

“இருக்கேன். மக வீடு பக்கம். ஒரு ஷிப்டு.” மேசையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தார். பக்கம் முழுக்கக் கோடு கோடாக ஒரே பெயர். “பாத்தியா? காலைல வந்ததும் ஒண்ணு. போவும்போது ஒண்ணு. லீவுன்னா தனியா ஒண்ணு. சம்பளத்துக்கு ஒண்ணு. இப்பம் எனக்குப் பேனா நிக்கவே மாட்டேங்குது வே.”

இங்கிலீஷில் போட்டிருந்தார். வேகமாக, சுழித்து.

“பாய், அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன்” என்றேன்.

அப்போது ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. அவர் ஓடிப் போய்க் கேட்டைத் திறந்து, சல்யூட் வைத்து, மூடிவிட்டு வந்தார். சட்டை நனைந்திருந்தது. நான் சொன்னது காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“குடை இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு பாய்.”

“அடியில ஒரு ஓட்டை போட்டு வச்சிருக்கேன். புறா அதை அடைச்சிரும். தண்ணி நின்னா கொசு முட்டை வச்சிரும். பிள்ளைய இருக்க பில்டிங். பாத்துக்க.”

“பாத்துக்கிடுதேன்.”

உள்ளே போகத் திரும்பினேன். “ஏ, நில்லு” என்றார். இன்னொரு புத்தகத்தை நீட்டினார். வருகிறவர்கள் எழுதுவது. “உள்ள போவணும்னா நீயும் போடணும். ரூலு.”

போட்டேன். அவர் குனிந்து பார்த்தார். “நேரம் எழுதலையே. நேரத்தையும் எழுது” என்றார். எழுதினேன்.

அவ்வளவுதான், மக்கா. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று தெரியாது. மறுபடி நான் வாஷிக்குப் போகவில்லை. மெஷினில் பழுது வந்தபோதும் பார்ட்டைக் கூரியரில் வரவழைத்துக்கொண்டேன்.

இன்று காலை, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால், நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது மாடிக்குப் போனேன். சைக்கிள் கம்பி ஒன்று, ஸ்பேனர் ஒன்று, ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். குடைக்குள் புறா எச்சமும் பட்டத்து நூலும் கிடந்தன. அள்ளிப் போட்டேன். அடியில் இருந்த ஓட்டை அடைத்திருந்தது. கம்பியை விட்டுக் குத்தித் திறந்தேன். அந்தப் பத்து நாளில் அவர் எப்போதோ குடையைப் பழைய கோட்டுக்கே திருப்பி வைத்திருக்கிறார். எதற்கென்று தெரியவில்லை. இரண்டு கோடும் மங்கலாகத் தெரிந்தன. நட்டு துருவேறி நின்றுவிட்டது. எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். பிறகு ஸ்பேனரில் என் எடை முழுவதையும் போட்டேன். அசைந்தது. விளிம்பில் தோளைக் கொடுத்து, மேற்குப் பக்கமாக, இரண்டாவது கோடு வரைக்கும் தள்ளினேன். விளிம்பில் கையை விரித்து வைத்து அளந்தேன். சரியாக ஒரு சாண்.

நட்டை முறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து கடையைத் திறந்தேன்.